ஓந்தான், அரணை, உடும்பு: குமரியின் வறண்ட குன்றுகளில் ஏறும் புதியவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ரப்பர் தோட்டமும் வாழைத்தோப்பும் திற்பரப்பு அருவியும்தான் நினைவுக்கு வரும். அதெல்லாம் கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் காட்சி. நாகர்கோவிலைத் தாண்டிக் கிழக்கே வந்தால் நிலத்தின் முகம் மாறிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆளைத் தள்ளும் காற்று, முப்பந்தல் காற்றாலைகள், உடைமுள், கள்ளி, மதியத்தில் கால்வைக்க முடியாத பாறை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து மொட்டைக் குன்றுகளில் ஏறுகிறவர் அநேகமாகத் தவறாமல் சந்திக்கப்போவது பாறைமேல் தலையாட்டிக்கொண்டு நிற்கும் ஓந்தானை. மற்ற ஊர்களில் ஓணான் என்பதைத்தான் இங்கே ஓந்தான் என்கிறோம். வாய்ப்பிருந்தால் உடும்பையும் பார்ப்பீர்கள்.

இந்தக் கட்டுரை அந்தச் சந்திப்புக்காக. மலையேறும் பயிற்சியைப் பற்றியோ, பாலமோர், கீரிப்பாறை போன்ற ஈரக்காட்டுப் பாதைகளைப் பற்றியோ இங்கே பேசவில்லை. அங்கே வனத்துறை அனுமதி, அட்டைப்பூச்சி, யானை என்று வேறு கணக்கு இருக்கிறது.

முதலில் ஒரு பயத்தைக் கழற்றி வைத்துவிடுவோம். இந்தப் பகுதியின் ஓணான், பச்சோந்தி, அரணை, பல்லி, உடும்பு எதுவும் விஷத்தால் மனிதனைக் கொல்லாது. 'அரணை கடித்தால் மரணம்' என்பது எதுகைக்காகப் பிழைத்திருக்கும் பேச்சு. அரணை பளபளவென்று வழுக்கிக்கொண்டு ஓடும் ஒரு சாதுப் பிராணி. அது மனிதனைக் கடிப்பதே அபூர்வம். ஓந்தான் தூரத்தில் இருந்தபடியே தொப்புள் வழியாக இரத்தம் உறிஞ்சும் என்று நம்பிச் சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்ட பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு. அதன் தொண்டை சிவப்பது துணையைக் கவரவும், எதிரி ஆணை விரட்டவும். உங்கள் இரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? பெரும்பாலும் நம் கையில். பிடிக்கப் போகும் கை, பாறை இடுக்கில் நுழையும் கை, கல்லைப் புரட்டும் கை. கண் போகாத இடத்துக்குக் கை போகக்கூடாது. மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

போவதற்கு முன்

தொடங்குவதற்கு மருந்துவாழ் மலை நல்ல இடம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில் பொற்றையடியில் இறங்க வேண்டும். எல்லா பஸ்ஸும் அங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு இது என்பது ஊர் நம்பிக்கை. நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகையும் இங்கேதான் இருக்கிறது. பாதையில் ஒரு பகுதிக்குப் படி இருக்கிறது, அதன் பிறகு பாறையும் முள்ளும். புதியவருக்கு இந்த அமைப்பு வசதி: படியில் நடக்கும்போதே இருபுறமும் பாறை ஓணான்கள் தென்படும், தேடி அலைய வேண்டியதில்லை.

கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கால் சட்டை, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு கைத்தடி. தடி அடிப்பதற்கு அல்ல. புதர் ஓரத்தில் தரையைத் தட்டிக்கொண்டு போவதற்கு. அந்த அதிர்வில் பாம்பு விலக வாய்ப்பு உண்டு. சிறிய பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓந்தானை ரசிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. சோப்பு ஒரு துண்டு. நாயை வீட்டில் விட்டுவிடுங்கள். உடும்பைக் கண்ட நாய் சொன்ன பேச்சைக் கேட்காது. இரண்டில் ஒன்று காயப்பட்டுத்தான் தீரும்.

தார்ப் பாலைவனத்தின் முள்வால் பல்லியைப் படத்தில் பார்த்துவிட்டு அதைத் தேடி இங்கே வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ராஜஸ்தான், குஜராத் பக்கம் வளை தோண்டி வாழ்கிற, பெரும்பாலும் இலைதழை தின்கிற பிராணி அது. அதன் கொழுப்பை உருக்கித்தான் சாண்டா எண்ணெய் என்று தெருவோரத்தில் கூவி விற்கிறார்கள். நம் குன்றுகளுக்கு அது வந்ததில்லை. ஆனால் வெயிலோடு வாழும் வித்தையை நம் ஊர்ப் பிராணிகளும் நன்றாகவே கற்றிருக்கின்றன.

எங்கே, எப்போது பார்க்கலாம்

இவற்றின் உடல் தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலிடம் வாங்கித்தான் ஓடுகிறது. ஆகவே ஓணானின் நேரம் தெரிய வேண்டுமென்றால் பாறையின் சூட்டைப் பார்க்க வேண்டும். வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில் கிழக்குப் பார்த்த பாறைகளில் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கும். அப்போது உடல் இன்னும் குளிர்ந்திருப்பதால் மந்தமாக இருக்கும், பார்க்க எளிது. சற்று நேரம் போனதும் கால்களை ஊன்றி உடம்பைப் பாறையிலிருந்து உயர்த்தி நிற்கும். பாறை சுடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நீங்களும் நிழல் தேட வேண்டிய நேரம் அதுதான். உச்சி வெயிலில் ஓணானும் இருக்காது, அறிவுள்ள மலையேறியும் இருக்கமாட்டார். வெயில் தாழ்ந்தபின் மறுபடி கொஞ்ச நேரம் வெளியே வரும்.

பாலை வழியில் போன பழங்காலத்து வழிப்போக்கர்கள் ஓந்தி இருக்கும் இருப்பைப் பார்த்துச் சகுனம் கொண்டார்கள் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் ஒரு பாறைவெளியில் நடமாடிக்கொண்டிருந்த ஓணான்கள் எல்லாம் ஒரே சமயத்தில் இடுக்குக்குள் பாய்ந்தால் அண்ணாந்து பாருங்கள். பருந்தோ வல்லூறோ வட்டமடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

எதை எங்கே தேடுவது? திறந்த பாறைமேல் தட்டையாக ஒட்டிக்கொண்டு, துரத்தினால் செங்குத்துப் பாறையிலும் ஓடுவது பாறை ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் முதுகும் மஞ்சளிலிருந்து செம்மைவரை எரியும். பக்கவாட்டும் கால்களும் கறுத்துவிடும். பெண் ஓணான் பாறை நிறத்திலேயே புள்ளியும் வரியுமாக இருக்கும், அசைந்தால்தான் தெரியும். ஆணின் இந்த நிறம் நிலையானதல்ல. பெண்ணிடம் காட்டும் நிறம் ஒன்று, வம்புக்கு வந்த இன்னொரு ஆணிடம் காட்டும் நிறம் வேறு. சில நொடிகளில் மாற்றிக்கொள்ளும். உங்களைக் கண்டு மிரண்டால் வண்ணம் மங்கி அழுக்குப் பழுப்பாகிவிடும். நீங்கள் அளவுக்கு மீறிப் பக்கத்தில் போய்விட்டீர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது.

வேலியிலும் உடைமுள் கிளையிலும் இருப்பது நாம் தினமும் பார்க்கிற சாதாரண ஓணான். மணற்பாங்கான புதர்வெளியில் தரையோடு தரையாகத் திரிகிற சிறியது விசிறித்தொண்டை ஓணான். இதன் ஆண் தொண்டைக்குக் கீழே மடிந்திருக்கும் தோலை விசிறியாக விரித்து விரித்து மூடும். அவசரம் என்றால் பின்னங்கால் இரண்டில் நிமிர்ந்து ஓடும். படத்தைப் பெரிதாக்கிப் பின்னங்கால் விரல்களை எண்ணுங்கள்: மற்ற ஓணான்களுக்கு ஐந்து, இதற்கு நான்கு.

பச்சோந்தி வேறு. நிறம் மாறுகிற ஓணானையெல்லாம் பச்சோந்தி என்று அழைப்பது நம் வழக்கம். அசல் பச்சோந்தியின் கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும், வால் சுருண்டிருக்கும், ஓர் அடி எடுத்து வைக்க யோசித்து யோசித்துத்தான் வைக்கும். சாலையைக் கடக்கையில் வண்டியில் அடிபட்டுச் சாவது அதனால்தான்.

கண்டதும் செய்ய வேண்டியது

நில்லுங்கள். இதுதான் முதல் படி, பலருக்கு இதுவே கடினமான படி. போனை எடுப்பதற்கு முன் நிற்க வேண்டும். ஓணானுக்கு உருவத்தைவிட அசைவுதான் உறுத்தும்; திடீரென்று கை உயர்ந்தால் ஓடிவிடும்.

பிறகு அது என்ன செய்கிறது என்று பாருங்கள். முன்னங்கால்களை மடக்கி நீட்டித் தலையை ஏற்றி இறக்குகிறதா? அது உங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை. 'இது என் பாறை' என்று அறிவிக்கிறது. பெரும்பாலும் அந்த அறிவிப்பு அடுத்த பாறையில் இருக்கும் இன்னொரு ஆணுக்குத்தான். கண்ணை ஓட்டினால் அதுவும் தென்படும்.

பக்கத்தில் போக ஆசை இருந்தால் நேராகப் போகாதீர்கள். நேராக வருகிறவனைக் கண்டால் எந்தப் பிராணியும் சீக்கிரம் ஓடும். வேறு எங்கோ போகிறவரைப் போலச் சாய்வாக நடந்து, இடையிடையே நின்று, அதைப் பார்க்காத பாவனையில் அணுகினால் இன்னும் நெருங்க விடும். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. நிழல் என்றால் அதற்குப் பருந்து. நல்ல இடம் கிடைத்ததும் உட்காருங்கள். உட்காருவதற்கு முன் அந்த இடத்தைத் தடியால் தட்டிப் பாருங்கள். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் ஓடிப்போனதுகூடத் திரும்பி வரும். தன் பாறையை அது எளிதில் விட்டுக்கொடுக்காது. பிளாஷ் வேண்டாம். படத்துக்காகக் கல்லெறிந்து அசைய வைப்பது வேண்டவே வேண்டாம்.

தொடக்கூடாது. வாலைப் பிடிக்கவே கூடாது. பல்லியும் அரணையும் வாலை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்த்துக்கொள்ளும். ஓந்தானுக்கும் உடும்புக்கும் அந்த வசதி இல்லை, போனால் போனதுதான். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஏதோ காரணத்தால் தொட்டுவிட்டால், கட்டிக்கொண்டு வந்த இட்லியைப் பிரிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராமனுக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதையின் பெயரால் ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்து, மூக்குப்பொடி போட்டு ஆட விட்டு, கல்லால் அடித்துக் கொன்ற ஓணான்களுக்குக் கணக்கில்லை. பாட்டி கதையைப் பாட்டி கதையாகவே சொல்லுங்கள். மலையில் கல் பொறுக்க விடாதீர்கள்.

உடும்பு என்றால்

பாதையில் குறுக்கே கிடக்கும் வளர்ந்த உடும்பு, வாலோடு சேர்த்து ஓர் ஆள் நீளத்துக்குக்கூட இருக்கலாம். முதல்முறை பார்க்கிறவர்கள் முதலைக்குட்டி என்று அலறுவார்கள். அலற வேண்டாம். பெரும்பாலும் அது உங்களை முன்னமே கண்டுபிடித்திருக்கும். பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டிக் காற்றிலுள்ள வாசனைத் துகள்களை வாய்க்குள் கொண்டுபோய்ச் சோதித்துக்கொண்டிருக்கும். நாக்கு நிதானமாக வந்து போகும்வரை அது பதற்றப்படவில்லை. நாக்கு நின்று, தொண்டை உப்பி, 'உஸ்' என்று சீறல் கேட்டால் எச்சரிக்கை. வால் வளைந்து பக்கவாட்டில் ஒதுங்கினால் அடுத்தது சாட்டையடிதான்.

அதற்கு வழி விடுங்கள். நின்ற இடத்திலிருந்து பின்வாங்கி, அது எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறதோ அந்தப் பக்கத்தைத் திறந்து விடுங்கள். இருபுறமும் ஆட்கள் நின்று படம் எடுப்பதுதான் பெரிய தவறு. ஓட வழி இல்லாத உடும்புதான் கடிக்கும். கூட்டமாகப் போயிருந்தால் எல்லாரும் ஒரே பக்கம் வந்து நில்லுங்கள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் நீங்கள் இரண்டு படி இறங்குவதில் மானம் ஒன்றும் போய்விடாது.

அது பாறை இடுக்கில் நுழைந்துவிட்டால் அத்தோடு விட்டுவிட வேண்டும். உள்ளே போனதும் நகத்தை ஊன்றி, காற்றை இழுத்து உடம்பை உப்பவைத்து இடுக்கோடு இறுகிக்கொள்ளும். உடும்புப்பிடி என்று நாம் சொல்வது இதைத்தான். வாலைப் பிடித்து இழுத்தால் தோல் கிழியுமே தவிர உடும்பு வராது. கரையான் புற்றின் பக்கத்தில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தால் அது முட்டையிடும் பெண்ணாக இருக்கலாம். வெகுதூரம் விலகிப் போங்கள்.

உடும்பு வண்டு, நத்தை, தேள், முட்டை, செத்த பிராணி என்று கிடைத்ததைத் தின்று இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கும். அதற்கு நாம் செய்த கைம்மாறு, அதன் கறி பலம் தரும், இரத்தம் நோய் தீர்க்கும் என்று கிளப்பிவிட்டதுதான்.

கடித்துவிட்டால்

ஓந்தான் கடித்தால் சிறு கீறல்; சோப்பும் தண்ணீரும் போதும். உடும்புக் கடி அப்படி இல்லை. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, தாடை விடாது. வெடுக்கென்று கையை இழுத்தால் சதை கிழியும். கையை அசைக்காமல் உடும்பைத் தரையில் கால் ஊன்ற விடுங்கள். தப்பி ஓட வழி இருக்கிறது என்று தெரிந்தால் விட்டுவிட்டு ஓடவே பார்க்கும். பிறகு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, சுத்தமான துணியை அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள். மஞ்சள்பொடி, சாம்பல், டீத்தூள் எதையும் அப்ப வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து, டிடி ஊசியும் கிருமிக்கான மருந்தும் தேவையா என்று கேளுங்கள். வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளிடமிருந்து வருவது; உடும்பிடமிருந்து வராது.

கடித்தது எது என்று தெரியாவிட்டால் பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓணான் தேடும் அதே பாறையில் கண்ணாடிவிரியனும், கையளவு இருந்தாலும் ஆளைச் சாய்க்கும் சுருட்டைவிரியனும், நல்லபாம்பும் இருக்கும். சருகில் சத்தம் விட்டு விட்டுக் கேட்டால், ஓட்டம், நிறுத்தம், மறுபடி ஓட்டம் என்று வந்தால், பெரும்பாலும் ஓணானோ அரணையோ. இழுபட்ட மாதிரி தொடர்ச்சியாக வந்தால் பாம்பாக இருக்கலாம். இதை நம்பி மட்டும் கையை நீட்டிவிடாதீர்கள். பாம்புக்கடிக்குக் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசு, கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாட்டு வைத்தியரிடம் போய் வரும் நேரத்தில் உயிர் போய்விடும்.

பிடிக்க வருகிறவர்கள்

வலையோடும் நாயோடும் ஆட்களைக் கண்டால் தனியாகச் சண்டைக்குப் போகாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, இறங்கியபின் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அவசரம் என்றால் 112. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. பிடிப்பதும், பிடிக்க முயல்வதும் வேட்டைதான். 2022-இல் திருத்தப்பட்டபின் இதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். உடும்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துப் பகிர்கிறவர் தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே தயாரித்துக் கொடுக்கிறார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். பூசைக்குரிய வேர் என்று சொல்லி விற்கப்படும் 'ஹத்தா ஜோடி'யும் வேர் அல்ல. ஆண் உடும்பின் உலர்த்திய பிறப்புறுப்பு. வைத்திருந்தாலே வழக்கு வரும்.

படம் எடுத்தவர்கள் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிவேற்றினால், இனம் எது என்று தெரிந்தவர்கள் சொல்லித் தருவார்கள். பாறை ஓணானுக்கு இடம், தேதி எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுங்கள். உடும்பு படமாக இருந்தால் மட்டும் இடத்தை மறைக்கும் தேர்வைப் பதிவேற்றும்போதே போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறவர்கள் பின்னணியில் கோயிலோ காற்றாலை எண்ணோ தெரியாதபடி வெட்டி அனுப்புங்கள்; அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே முழுசாகத் தெரியாது.